மிருதுளா பேக்ஹேண்ட்

மாநில ஜூனியர் இறுதிப் போட்டிக்குச் சிறப்பு விருந்தினராக வரும்படி கேட்டபோது மிருதுளா முதலில் மறுத்துவிட்டாள். மேடையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நிற்பது அவளுக்குப் பிடிக்காது. டென்னிஸ் சங்கச் செயலாளர் விடவில்லை.

“ரெண்டு பக்கமும் உங்க பேக்ஹேண்ட்தான் மேடம் ஆடுது. நீங்க வராம எப்படி?” என்று போனில் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு உறுத்தியது. என்னதான் ஆடுகிறது என்று பார்த்துவிடலாம் என்று கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பினாள்.

அவளுக்கு முப்பத்துமூன்று வயது. உலகத் தரவரிசையில் பத்தொன்பதாவது இடம் வரை போனவள். இரண்டு கிராண்ட் ஸ்லாம் காலிறுதிகள். வலது தோளில் இரண்டு அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு ஆட்டத்தை விட்டவள். பத்திரிகைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘கோபக்காரி’. ராக்கெட்டைத் தரையில் அடித்து உடைத்த படங்கள் இன்னும் இணையத்தில் சுற்றுகின்றன. ஆனால் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு. இரண்டு கையாலும் பிடித்து, கோட்டோரமாக நேரே அனுப்பும் அந்த பேக்ஹேண்ட் வேறு யாருக்கும் வராது.

அப்படித்தான் இருந்தது, ‘அசைவு’ நிறுவனம் வரும் வரை.

அவள் உச்சத்தில் இருந்தபோது அந்த நிறுவனம் அவள் பேக்ஹேண்டைப் பதிவு செய்தது. கழுத்தைச் சுற்றி மெல்லிய பட்டை ஒன்றைக் கட்டிவிட்டு ஆடச் சொன்னார்கள். மூளையிலிருந்து தசைக்குப் போகும் ஒவ்வொரு கட்டளையையும் பட்டை வாங்கி வைத்துக்கொண்டது. ஓர் ஆட்டக்காரி இருபது வருடம் பழகியதை அப்படியே இன்னொரு உடம்புக்கு மாற்ற முடியும் என்றார்கள். கற்கும் சிறுமி அதே போன்ற பட்டையைக் கட்டிக்கொண்டு தூங்கினால் போதும். சில மாதங்களில், ஒரு நாளும் பழகாத அடியைப் பழகிவிட்டதாக அவள் உடம்பு நம்ப ஆரம்பித்துவிடும். மிருதுளா கையெழுத்துப் போட்டாள். தனக்குக் கிடைத்தது நாலு பிள்ளைகளுக்குச் சுலபமாகக் கிடைக்கட்டும், தான் பட்ட பாட்டை அவர்கள் படவேண்டாம் என்று நிஜமாகவே நினைத்தாள்.

ஆட்டம் தொடங்கியது. ஒரு பக்கம் சென்னைப் பெண். மறுபக்கம் நாகர்கோவிலிலிருந்து வந்த செரின், பதினான்கு வயது, ஒல்லியான உடம்பு. செரின் அடித்த முதல் பேக்ஹேண்டைப் பார்த்ததும் மிருதுளா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தன்னுடைய முதுகைத் தானே பார்ப்பது போல இருந்தது. இடுப்பு திரும்பும் விதம், கடைசி நொடியில் மணிக்கட்டு தாமதிக்கும் விதம், எல்லாம் அவளுடையது. கூட்டம் கைதட்டியது. அவளும் தட்டினாள்.

இரண்டாவது செட்டில் செரின் சுலபமான பந்து ஒன்றை வலையில் அடித்தாள். அதே நேரத்தில் மைதானப் பணியாளர் ஒருவர் அவளுக்குப் பின்னால் இடது பக்கமாக நடந்தார். செரினின் இடது தோள் காது வரை ஏறியது. தாடை வலப்பக்கம் ஒதுங்கியது. கண்கள் மூடின. முழங்கால் லேசாக மடிந்தது. கண் இமைக்கும் நேரம்தான். உடனே நிமிர்ந்து அடுத்த பந்துக்குத் தயாராகிவிட்டாள்.

யாரும் கவனிக்கவில்லை. மிருதுளா கைதட்டுவதை நிறுத்தினாள். சிறிது நேரத்தில் எதிர்ப்பக்கத்துப் பெண்ணும் ஒரு பந்தைத் தவறவிட்டாள். அவளுக்குப் பின்னால் யாருமே இல்லை. ஆனாலும் அவளுடைய இடது தோளும் ஏறி இறங்கியது.

மிருதுளாவின் பத்து வயதிலிருந்து பதினாறு வயது வரை அவளுக்குப் பயிற்சி கொடுத்தவர் சந்திரமௌலி. களிமண் மைதானத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் ஹோஸில் ஒரு துண்டை வெட்டிக் கையில் வைத்திருப்பார். அவள் ஆடும்போது பின்னால் இடது பக்கம் நிற்பார். பந்து வலையில் போனால், ஹோஸ் மண்ணில் இழுபடும் சத்தம் முதலில் கேட்கும். பிறகு அடி விழும். முதுகில், தொடையில், சில நாள் கழுத்தில். மைதானத்தின் கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்து அவள் அப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். சத்தம் அவருக்கும் கேட்கும். வீட்டுக்குப் போனதும் அம்மா எதுவும் கேட்காமல் களிம்பு தடவுவாள்.

பத்தொன்பது வயதில் மிருதுளா சங்கத்தில் புகார் கொடுத்தாள். மூன்று பேர் கொண்ட குழு விசாரித்தது. தழும்பு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. பார்த்தவர்கள் யாராவது உண்டா என்றார்கள். அப்பா வர மறுத்துவிட்டார். ஆளாக்கிவிட்டவர் மேல் பழி போடுகிறாளே என்று குழுவில் இருந்த ஒரு பெண்மணியே வருத்தப்பட்டார். அடுத்த வருடம் சந்திரமௌலிக்குச் சிறந்த பயிற்சியாளர் விருது கொடுத்தார்கள். அந்த வாரம் அவள் உடைத்த ராக்கெட்டின் படம்தான் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. கோபக்காரி.

பரிசளிப்பு முடிந்து வெளியே வந்தபோது ஒரு பெண் அவளை வழிமறித்தார். கழுத்தில் சிலுவை போட்ட மெல்லிய சங்கிலி. கையில் செரினின் ராக்கெட் பை.

“மேடம், நான் செரினுக்க அம்மா. ஜெபா. உங்ககிட்ட ஒரு காரியம் கேக்கணும். கோபப்படக் கூடாது.”

“சொல்லுங்கக்கா.”

“இந்தப் பட்டையக் கட்டுனதுல இருந்து எனக்க பிள்ளைக்கு என்னமோ ஆகியிருக்கு. அவளுக்க அப்பா பின்னால வந்து நின்னா போதும், தோளத் தூக்கிட்டுக் கண்ண மூடிருகா. பெத்த அப்பன் மேடம். ஒரு நாளு கூட அவ மேல கை வச்சது கிடையாது. பஸ் ஓட்டிட்டு வந்து அலுப்புல கிடந்தாலும் அவளுக்குப் பந்து எறிஞ்சு போடுவாரு.”

ஜெபா குரலைத் தாழ்த்தினார். “ஸ்கூல்ல டீச்சர் இதைப் பாத்துட்டாங்க. வீட்டுல அடிக்காங்களான்னு கேட்டு, குழந்தைகள் நலக் குழுவுக்கு எழுதிப் போட்டுட்டாங்க. விசாரணை முடியும் வரைக்கும் அவரு வீட்டுல இருக்கக் கூடாதாம். தம்பி வீட்டுல போய்க் கிடக்காரு. தெருவுல ஒருத்தரும் அவருகிட்ட முகம் கொடுத்துப் பேச மாட்டேங்காவ.”

“கம்பெனில சொன்னீங்களா?”

“சொன்னேன். வீட்டுச் சூழ்நிலையச் சரி பண்ணுங்கன்னு சொல்லிட்டாங்க.” ஜெபா அவள் முகத்தை நேராகப் பார்த்தார். “மேடம், இது உங்ககிட்ட இருந்து வந்ததா?”

தழும்பு இருக்கிறதா என்று கேட்ட குழுவுக்குப் பிறகு, இத்தனை வருடத்தில் யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை.

“ஆமா” என்றாள் மிருதுளா. “அது என்னோடதுதான்.”

மறுநாள் காலை சிறுசேரியில் உள்ள ‘அசைவு’ அலுவலகத்துக்குப் போனாள். தயாரிப்புப் பிரிவின் தலைவர் ஹரிகேசவன் எழுந்து நின்று வரவேற்றார். மூலையில் கணினியோடு மெஹர் என்ற பொறியாளர் உட்கார்ந்திருந்தாள். பட்டையின் பதிவை முதலில் பிரித்துப் பார்த்தவள் அவள்தான்.

“இடது தோள் ஏறுதே, அது எப்படிப் போச்சு?” என்று மிருதுளா கேட்டாள்.

ஹரிகேசவன் பதில் சொல்வதற்குள் மெஹர் பேசினாள். “நீங்க ஆடினப்போ அதுவும் சேர்ந்தே பதிவாச்சு மேடம். பட்டைக்கு ஷாட் எது, பயம் எதுன்னு தெரியாது. உடம்பு எதை ஆழமாப் பழகியிருக்கோ அதை எடுத்துக்கும். உங்க உடம்புல ரெண்டும் ஒண்ணா முடிச்சுப் போட்ட மாதிரி இருந்துச்சு. நான் பிரிச்சு எடுக்க ஒரு வழி செஞ்சேன்.”

“அப்புறம் ஏன் எடுக்கல?”

மெஹர் ஹரிகேசவனைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எடுத்துப் பாத்தோம். ஷாட்டோட வேகம் குறைஞ்சது. வாங்குறவங்க உங்க பேக்ஹேண்டைக் கேட்டு வாங்குறாங்க. குறைச்சலா ஒண்ணைக் கொடுக்க முடியாது. தவிர, நீங்க எப்படியோ அப்படியே கொடுக்கிறோம்னுதான் ஒப்பந்தமே.”

“அது பயம்னு தெரிஞ்சே கொடுத்தீங்களா?”

“எங்க ஆலோசகர்கிட்ட கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணோம். அவரும் இங்கதான் இருக்கார்.”

கதவு திறந்தது. உள்ளே வந்தவருக்கு எழுபது வயதிருக்கும். வெள்ளை டீஷர்ட், சிரித்த முகம்.

“வாடா மிருது” என்றார் சந்திரமௌலி. “எத்தனை வருஷம் ஆச்சு. இன்னும் கோபம் போகலையா?”

அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை.

“முந்நூறு பிள்ளைங்களுக்கு மேல இதை வாங்கியிருக்காங்க சார். அத்தனை பேரும் தோளைத் தூக்குறாங்க. எதுக்குன்னு அவங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.”

“நான் மறைச்சேனா? அன்னைக்கு விசாரணையிலயும் கண்டிச்சேன்னுதானே சொன்னேன்.” அவர் பொறுமையாக, ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். “உன்னை எடுத்தப்போ நீ யாரு? ஒரு மில்லு கணக்கரோட பொண்ணு. கைல பலம் கிடையாது, கால்ல வேகம் கிடையாது. அந்த அடிதாண்டா அந்த ஷாட். நான் சொல்லல, இப்ப மெஷினே சொல்லுது. பயத்தை எடுத்தா வேகம் போகுது.”

பேசிக்கொண்டே தண்ணீர் எடுக்க அவள் நாற்காலிக்குப் பின்னால் இடது பக்கமாக நடந்தார். மிருதுளாவின் தோள் ஏறியது. அவள் அதை நிறுத்த நினைத்தாள். முடியவில்லை. கண் மூடித் திறந்தபோது, எதிரில் இருந்த கண்ணாடித் தடுப்பில் அவர் முகம் தெரிந்தது. அவர் பார்த்துவிட்டார். புன்னகைத்தார்.

அத்தனை வருடக் கோபமும் அந்த ஒரு புன்னகைக்கு முன்னால் ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தோன்றியது. மேசை மேல் கனமான கண்ணாடிக் கோப்பை ஒன்று இருந்தது. அதை எடுத்து எறிந்தால் நாளைக்கு எந்தப் படம் வரும் என்றும் தெரிந்தது. கைகளை மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டாள்.

“மெஹர், இப்ப என்ன நடந்துச்சுன்னு பாத்தீங்களா?”

“பாத்தேன் மேடம்.”

“நாகர்கோவில் விசாரணைக்குக் கூப்பிட்டா வந்து சொல்லுவீங்களா?”

ஹரிகேசவன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மெஹர் கணினியை மூடினாள்.

“வருவேன்” என்றாள்.

நாகர்கோவிலில் குழந்தைகள் நலக் குழுவின் அலுவலகம் பழைய ஓட்டுக் கட்டடம். விசாரணை நாளன்று செரினின் அப்பா வில்சன் வராந்தாவின் மறுகோடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். மகள் இருக்கும் பக்கம் திரும்பாமல் இருக்கக் கவனமாக இருந்தார். பார்த்தால் அவள் பயந்துவிடுவாளோ என்ற கவலை.

குழுத் தலைவர் வசந்தகோகிலம் ஓய்வுபெற்ற வழக்கறிஞர். மிருதுளா சொன்னதை முழுவதும் கேட்டார். மெஹர் பட்டை எப்படி வேலை செய்கிறது என்று விளக்கியதையும் கேட்டார்.

“நீங்க சொல்றது புரியுது” என்றார். “ஆனா ஒரு பொண்ணு அப்பாவைக் கண்டா ஒடுங்குறா. இன்னொருத்தங்க வந்து அது என் பயம்னு சொல்றீங்க. நான் எதை வச்சு நம்புறது?”

அவர் கேட்டது நியாயம். நிரூபிக்க ஒரு வழியும் இருந்தது. அதை நினைக்கவே மிருதுளாவுக்கு வெறுப்பாக இருந்தது. அந்தச் சிறுமியை இன்னொரு முறை பயமுறுத்திக் காட்டவேண்டும். அதற்கும் சந்திரமௌலி செய்ததற்கும் என்ன வித்தியாசம்?

“ஒரு சத்தம் இருக்கு. அதை இந்தப் பொண்ணு வாழ்க்கைல கேட்டதே கிடையாது. அதுக்கு நான் என்ன செய்வேன்னு பாருங்க. அவ வேண்டாம், நான் மட்டும் நிக்கறேன்.”

“உங்களை மட்டும் பாத்து நான் என்ன முடிவு பண்ண முடியும்மா?”

செரின் எழுந்து வந்தாள். “நான் நிக்கேன் அக்கா.”

“வேண்டாம்டா. உனக்குக் கஷ்டமா இருக்கும்.”

“இப்பவும் கஷ்டமாத்தான் இருக்கு. எங்கப்பா இன்னைக்கும் சித்தப்பா வீட்டுல போய்க் கிடக்கணுமா?”

முற்றத்து மண்ணில் இருவரும் சுவரைப் பார்த்துப் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் ஒன்று குழாயடியில் கிடந்தது. மிருதுளா சொன்னபடி ஒரு பெண் காவலர் அதன் நுனியைப் பிடித்து, அவர்களுக்குப் பின்னால், இடது பக்கமாக, மண்ணில் மெதுவாக இழுத்தார்.

இரண்டு இடது தோள்களும் ஒன்றாக ஏறின. இரண்டு தாடைகளும் வலப்பக்கம் ஒதுங்கின. முப்பத்துமூன்று வயதுப் பெண்ணும் பதினான்கு வயதுச் சிறுமியும் ஒரே நொடியில் கண்களை மூடி, முழங்காலை மடித்து, அடிக்காகக் காத்து நின்றார்கள்.

காவலர் ஹோஸைக் கீழே போட்டுவிட்டார். வராந்தாவில் வில்சன் எழுந்து நின்றார்.

“என்னையப் பாத்து இல்ல” என்றார், யாரிடம் என்றில்லாமல். “என்னையப் பாத்து இல்ல.” பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். செரின் ஓடிப்போய் அவர் முன்பக்கமாக நின்று கட்டிக்கொண்டாள்.

வில்சன் அன்றே வீட்டுக்குப் போகலாம் என்று வசந்தகோகிலம் உத்தரவு போட்டார். பிறகு மிருதுளாவை உள்ளே அழைத்தார்.

“அந்தக் கோச் மேல நீங்க ஏன் கேஸ் போடல?”

“கேட்டுப் பாத்தேன் மேடம். ரொம்ப வருஷம் ஆயிடுச்சு, இனிமே நிக்காதுன்னு வக்கீல் சொல்லிட்டாங்க.”

“உங்களோடது பழசுதான்.” அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “இந்தப் பொண்ணோடது பழசு இல்லையே. அது பயம்னு தெரியும், தெரிஞ்சும் ஒரு குழந்தை உடம்புல ஏத்தலாம்னு அந்த ஆள் சொல்லியிருக்கார். கம்பெனி ஏத்தியிருக்கு. இது இந்த வருஷம் நடந்தது. அவ இன்னைக்குக் காலைல அடிவாங்கின மாதிரிதான். நான் போலீசுக்கு எழுதப்போறேன்.”

பதினான்கு வருடத்துக்கு முன் மிருதுளாவிடம் ஆதாரம் எங்கே என்று கேட்டவர்களுக்கு, அந்த ஆளே முந்நூறு பிள்ளைகளின் உடம்பில் ஆதாரத்தை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

வழக்குப் பதிவானது. சந்திரமௌலி கைதாகி ஜாமீனில் வந்தார். தொலைக்காட்சி விவாதத்தில் அவருடைய வழக்கறிஞர், “என் கட்சிக்காரர் அந்தச் சிறுமியை நேரில் பார்த்தது கூடக் கிடையாது, தொடாமல் எப்படி அடிக்க முடியும்?” என்று கேட்டார். பழைய மாணவிகள் சிலர் அவருக்காகப் பேசினார்கள். மூன்று பேர் மட்டும் மிருதுளாவைத் தனியாக அழைத்து, எங்களையும்தான் என்றார்கள். அந்த மூவரையும் சாட்சி சொல்ல வைக்க அவள் நாயாய் அலைந்தாள். ஒருத்தி ஒப்புக்கொண்டாள்.

நீதிமன்றம் தலையிட்டதால், பயத்தைப் பிரித்தெடுத்த புதிய பதிவை இலவசமாக மாற்றித் தருவதாக ‘அசைவு’ அறிவித்தது. செரின் முதலில் போய் மாற்றிக்கொண்டாள். சந்திரமௌலி சொன்னதில் பாதி உண்மை. பேக்ஹேண்ட் குழம்பிப் போனது. அடுத்து வந்த போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றாள். தோற்றுவிட்டு, வெளியே நின்ற அப்பாவிடம், எதிராளி சர்வீஸ் போடும்போது மூக்கைச் சொறிவதைச் செய்துகாட்டிச் சிரித்தாள். மறு வாரத்திலிருந்து மிருதுளாவிடம் பேக்ஹேண்டை முதலிலிருந்து கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள்.

தனக்கும் அந்தப் பயத்தை எடுத்துவிட முடியுமா என்று மிருதுளா மெஹரிடம் கேட்டாள்.

“பட்டை கொடுத்ததை மட்டும்தான் பட்டையால எடுக்க முடியும் மேடம்” என்றாள் மெஹர். “உங்களுக்கு அதைக் கொடுத்தது பட்டை இல்லையே.”

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒருநாள் மெஹர் போன் செய்தாள். குரல் சரியில்லை.

“மாத்திக்க வந்தது நாப்பது பேர்கூட இல்ல மேடம். மத்த வீட்டுலயெல்லாம் பழசே இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க. ஷாட் போயிடும்னு பயப்படுறாங்க.”

“யாரு பயப்படுறாங்க? பிள்ளைங்களா?”

“அப்பா அம்மா.”

மிருதுளா அந்த வீடுகளை ஒவ்வொன்றாக அழைக்க ஆரம்பித்தாள். சிலர் போனை எடுக்கவில்லை. சிலர் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். ஈரோட்டில் ஒரு தகப்பனார் மட்டும் மரியாதையாக, விரிவாகப் பேசினார். பின்னணியில் பந்து சுவரில் மோதித் திரும்பும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“நீங்க சொல்றதெல்லாம் சரிதானுங்க. பேப்பர்லயும் படிச்சனுங்க. ஆனா பாப்பா இப்பத்தான் மாநில அளவுல வந்திருக்குதுங்க. கொஞ்சம் பயம் இருந்தா இருந்துட்டுப் போகட்டுமுங்க. ஷாட்டு நல்லா வருதுங்களே.”

கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரில் செய்தித்தாள் படித்தவரும் இதையேதான் நினைத்திருப்பார். மிருதுளாவுக்குக் காது சூடேறியது. கத்தவில்லை.

“பாப்பாகிட்ட போனைக் குடுங்க.”

“அது ஆடிட்டு இருக்குதுங்களே.”

“குடுங்க.”

பந்துச் சத்தம் நின்றது. மூச்சு வாங்கும் சின்னக் குரல் வந்தது. “சொல்லுங்கக்கா.”

“உன் பேர் என்னம்மா?”

“தன்ஷிகா.”

“தன்ஷிகா, பந்து வலையில போனா உனக்கு என்ன ஆகும்?”

அப்பா பக்கத்தில் நிற்கிறார் போலிருக்கிறது. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவது போலச் சொன்னாள்.

“பின்னாடி யாரோ நிக்கற மாதிரியே இருக்குதுக்கா. திரும்பிப் பாத்தா யாரும் இல்ல. யாருக்கா அது?”

மிருதுளா கார் சாவியை எடுத்தாள்.

“அந்த ஆள் பேரு சந்திரமௌலி” என்றாள். “இன்னைக்கு நீ ஆட வேண்டாம். ராக்கெட்டைக் கீழ வச்சுட்டு உங்கப்பாவை வீட்டுலயே இருக்கச் சொல்லு. நான் வந்துட்டிருக்கேன்.”